340 கிராம் சிலிக்கான் மார்பும் பை தைத்த பிராவும்: இரண்டு ஆண்டு அணிந்தபின்

2023 ஜூலையில் நானும் என் கணவரும் சென்னைக்குப் போய், இடப்பக்கத்துக்கான சிலிக்கான் செயற்கை மார்பு ஒன்றும், அதைச் செருகி அணிய உட்புறம் பை தைத்த பிரா இரண்டும் வாங்கினோம். அன்று முதல் பள்ளி நாட்கள் அனைத்திலும் அதை அணிந்துவருகிறேன். வாங்குவதற்கு முன் நான் தேடிய நாட்களில், விற்பவர்கள் எழுதிய நான்கு வரியைத் தவிரத் தமிழில் எதுவும் எனக்கு அகப்படவில்லை. இனித் தேடப்போகும் ஒரு பெண்ணும் அவளுடைய வீட்டுக்காரரும் சேர்ந்து படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கடைகளின் பெயரை எழுதப்போவதில்லை. முதலில் ஏமாந்த கடையைப் பெயர் சொல்லிக் குறை கூற விருப்பமில்லை, ஒன்றை மறைத்து மற்றொன்றை மட்டும் சொல்வதும் முறையாகப் படவில்லை. எதைக் கேட்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால் எந்தக் கடையிலும் சரியான பொருளை வாங்கிவிடலாம்.

நான் கும்பகோணத்தில் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் தமிழாசிரியை. கணவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். 2022 ஆகஸ்டில் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி விரலில் தட்டுப்பட்டது. வலி இல்லாததால் பத்து நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டேன். சொன்ன அன்றைக்கே அவர் கடையைச் சாத்திவிட்டு என்னை மருத்துவரிடம் அழைத்துப் போனார். மேமோகிராம், ஊசி பயாப்சி, எடுத்த சதையில் ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர் 2 புரதமும் உள்ளனவா என்று பார்க்கும் சோதனை என மூன்று வாரம் ரிப்போர்ட்டுகளுக்குக் காத்திருப்பதிலேயே கழிந்தது. மார்புக்குள் இரண்டு இடங்களில் தள்ளித் தள்ளிக் கட்டி இருந்ததால், கட்டியை மட்டும் எடுத்து மார்பைக் காப்பாற்ற இயலாது என்று மருத்துவர் சொன்னார். செப்டம்பரில் மார்பையும் அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுகளையும் அகற்றினார்கள். அதன்பின் 21 நாளுக்கு ஒருமுறையாக நான்கு தவணை, சிறுநீரைக்கூடச் சிவப்பாக்கும் அந்தச் சிவப்பு மருந்துக் கீமோ. அடுத்து வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு தவணை வேறொரு மருந்து. கடைசியாக 15 நாள் கதிர்வீச்சு. எங்கள் பக்கத்தில் கரண்டு வைப்பது என்றுதான் அதைச் சொல்வார்கள். இப்போது, நோய் திரும்பி வராமல் தடுக்க, தினமும் ஒரு தமாக்சிஃபென் மாத்திரை.

வீட்டுக்கு அனுப்பும்போது விலாப் பக்கத்தில் வடிகுழாயுடன்தான் அனுப்பினார்கள். குழாயின் முனையிலுள்ள குப்பியில் ரத்தம் கலந்த நீர் வந்து சேரும். அதைக் காலையும் மாலையும் அளவுக் குவளையில் ஊற்றி அளந்து எழுதிவைக்க வேண்டும், ஒரு நாளைய அளவு 30 மில்லிக்குக் கீழே இறங்கினால் குழாயை எடுத்துவிடலாம் என்றார்கள். என் கணவர் அதைக் கடையின் பற்றுவரவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்தார். 140, 115, 120, 90 என்று கீழே கீழே போகும் அந்த வரிசை இப்போதும் அந்த நோட்டில் இருக்கிறது. 115-க்குப் பிறகு ஏறிவிட்ட 120-இன் அடியில் பேனாவை அழுத்தி இரண்டு கோடு போட்டிருக்கிறார். அன்றிரவு அவர் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். தையல் போட்ட இடத்தை நான் பார்ப்பதற்கு ஒன்பது நாள் முன்பே அவர் பார்த்துவிட்டார். அவர் கட்டு மாற்றும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரிலுள்ள நாள்காட்டியையே பார்த்துக்கொண்டிருப்பேன். பத்தாம் நாள், "நல்லாத்தான் ஆறியிருக்கு, நீயே பாரேன்" என்று அவர் சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்தேன்.

பொருளைப் பற்றிய மதிப்புரையில் இது எதற்கு என்று தோன்றலாம். செயற்கை மார்பு வாங்குவதைப் பெண்ணின் தனி வேலையாக நினைத்து நான் செய்த தவறுதான் எங்களுக்கு 3,200 ரூபாய் நட்டத்தையும் ஒரு மாத வேதனையையும் கொடுத்தது. புண்ணைக் கழுவித் துடைத்தவரிடம் நான் அதற்குமேல் மறைக்க எதுவும் இருக்கவில்லை. ஆனாலும் கடைக்குப் போகும்போது மட்டும் மறைத்தேன்.

மார்பு எடுத்தவர்கள் தோற்றத்துக்காகத்தான் இதை வைத்துக்கொள்கிறார்கள் என்று நானும் நினைத்திருந்தேன். ஒரு பக்கத்தில் இருந்த எடை திடீரென்று இல்லாமற்போனால் உடம்பு தானாகவே சாய்ந்து நிற்கப் பழகிவிடுகிறது. இரண்டு மாதத்துக்குள் என் இடத்தோள் காதை நோக்கி ஏறியது, வலப்பக்கக் கழுத்து இழுத்துப் பிடித்தது, கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால் நடு முதுகில் வலி நின்றது. ஆயுள் முழுதும் தராசு பிடித்தவர் என் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "ஒரு தட்டு எறங்கி நிக்குதும்மா" என்றார். அளவும் எடையும் பொருந்திய செயற்கை மார்பு இந்தச் சாய்வைக் குறைக்க உதவும் என்று பிறகு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த பிசியோதெரபிஸ்ட்டும் சொன்னார். மார்பு பெரிதாக இருந்தவர்களுக்கு இந்தத் தொல்லை கூடுதலாக இருக்கும்.

அறுவை முடிந்தவுடன் சிலிக்கான் வைக்கக் கூடாது. காயம் நன்றாக ஆறும்வரை, கதிர்வீச்சு உள்ளவர்களுக்கு அது முடிந்து தோல் தெளியும்வரை பொறுக்க வேண்டும். எனக்குக் கதிர்வீச்சு முடிந்து இரண்டு மாதம் கழித்து வாங்கச் சொன்னார்கள். அதுவரை பருத்தித் துணியில் பஞ்சு அடைத்த, அல்லது நூலில் பின்னிய மெத்தென்ற வடிவம் போதும். தன்னார்வப் பெண்கள் அவற்றைப் பின்னி இலவசமாகக் கொடுக்கும் ஏற்பாடு இந்தியாவிலும் உண்டு, மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் கேட்டுப் பாருங்கள். நான் 600 ரூபாய்க்குப் பஞ்சு வடிவம் ஒன்று வாங்கினேன். உறுத்தவில்லை, காற்றோட்டமாக இருந்தது. எடைதான் இல்லை, நடக்க நடக்க மேலே ஏறிக் கழுத்துப் பக்கம் வந்துவிடும். இதைப் பார்த்த என் கணவர், தையல் முழுக்க ஆறி மருத்துவரும் சரி என்ற பிறகு, பழைய வேட்டித் துணியில் ஒரு சிறு பை தைத்து அதில் கேழ்வரகை நிரப்பிப் பஞ்சுக்கு நடுவில் வைத்துக்கொடுத்தார். கடுகு, கசகசா, கேழ்வரகு மூன்றையும் தனித்தனியாகக் கட்டி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் கேழ்வரகைத் தேர்ந்தெடுத்தார், அதுதான் உடம்பின் வளைவுக்குத் தக்கபடி சீராகப் படிகிறது என்றார். தோள் உண்மையாகவே இறங்கியது. வியர்வை பட்டால் மூன்றாம் நாளே புளித்த வாடை வந்துவிடும் என்பதால் வாரம் இரண்டு முறை தானியத்தை மாற்ற வேண்டியிருந்தது. பொருள் என்ற வகையில் நான் அதற்குப் பாதி மதிப்பெண்கூடத் தர மாட்டேன். இருந்தாலும் அந்தப் பை இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

முதலில் வாங்கிய சிலிக்கான் மார்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். கதிர்வீச்சு முடிந்து சில வாரங்களிலேயே, பொறுக்கச் சொன்ன காலம் முடியுமுன், பள்ளி திறக்கிறதே என்ற அவசரத்தில், அறுவைச் சிகிச்சைப் பொருட்கள் விற்கும் ஒரு கடைக்குத் தனியாகப் போனேன். முழங்கால் பட்டையும் ஊன்றுகோலும் வாங்க நின்றவர்களுக்கு நடுவில், கல்லாவில் இருந்த இளைஞர் "பிரா சைஸ் சொல்லுங்க, போதும்" என்றார். சொன்னேன். ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். அணிந்து பார்க்க இடம் இல்லை, பெட்டியைத் திறந்து பார்க்கவும் எனக்கு வெட்கம். வீட்டுக்கு வந்து பார்த்தால் என் வலது மார்பைவிடப் பெரிது, முன்பக்கம் கூம்பு போலத் தள்ளி நின்றது, சாதாரண பிராவுக்குள் நிற்கவே இல்லை. பள்ளி திறந்த இரண்டாம் நாள், கீழே விழுந்த சாக்கட்டியை எடுக்கக் குனிந்தபோது அது நழுவி ஜாக்கெட்டின் கழுத்துவரை வந்துவிட்டது. புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்கு ஓடினேன். பிள்ளைகள் பார்த்தார்களா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உள்ளாடை வகையைத் திரும்பப் பெறுவதில்லை என்று கடையில் கையை விரித்துவிட்டார்கள். அன்று மாலைதான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி 3,200 ரூபாயைவிட எனக்கு வலித்தது.

இனி, நான் பரிந்துரைக்கும் முறையில் வாங்கிய கதை. மூன்று மாதப் பரிசோதனைக்குச் சென்னை போகும் நாளோடு சேர்த்து, மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு மட்டும் அளவெடுத்துக் கொடுக்கும் ஒரு சிறிய கடையில் தொலைபேசியிலேயே நேரம் வாங்கிக்கொண்டோம். பேசும்போதே அந்த அம்மாள் கேட்ட முதல் கேள்வி, கதிர்வீச்சு எந்தத் தேதியில் முடிந்தது என்பது. இரண்டாவது, தோளிலோ கையிலோ வீக்கம் உண்டா என்பது. மெல்லிய ஜாக்கெட் ஒன்றும் வழக்கமாக உடுத்தும் சேலை ஒன்றும் எடுத்துவரச் சொன்னார். இந்தக் கேள்விகளைக் கேட்காத கடையில் வாங்காதீர்கள்.

உள்ளே தாழ்ப்பாள் போட்ட ஒரு சிறிய அறை, ஆளுயரக் கண்ணாடி, இரண்டு நாற்காலி. நான் வழக்கம்போல, "நீங்க வெளிய இருங்க" என்று கணவரிடம் சொன்னேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்து, "உங்களுக்குச் சம்மதம்னா அவரும் வரட்டும்மா, தினம் உங்களப் பாக்கறவரு அவருதானே" என்றார். முதலில் என் சம்மதத்தைக் கேட்டார் என்பதைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன். தனியாக இருக்க விரும்பும் பெண்ணுக்கு அந்த உரிமையும் வேண்டும். நான் சரி என்றதும் அவர் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

அந்த அம்மாள் முதலில் பிராவைத்தான் பொருத்தினார், மார்பை எடுக்கவே இல்லை. விலாவைச் சுற்றி நாடா பிடித்து அளந்து, நான் இருபது வருடமாகப் போட்டுவந்த அளவே தவறு என்று சொல்லி, பட்டை அகலமான வேறோர் அளவைக் கொடுத்தார். அது சரியாக உட்கார்ந்த பின்தான் மூன்று சிலிக்கான் மார்புகளைக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றையும் பைக்குள் செருகி, ஜாக்கெட்டும் சேலையும் உடுத்தச் சொல்லி, குனியவும் நிமிரவும், பேருந்துக் கம்பியைப் பிடிப்பதுபோல இடக்கையை உயர்த்தவும், நாற்காலியில் சாய்ந்து உட்காரவும் சொன்னார். பிறகு என் கணவரை எழுந்து என் பின்னால் நிற்கச் சொல்லி, "தோள் ரெண்டும் ஒரே மட்டமா இருக்கா பாருங்க சார்" என்றார். அவர் வாய்பேசாமல், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கடையில் முள்ளைப் பார்ப்பதைப் போலவே பார்த்தார். முதலாவதற்குத் தலையசைத்து மறுத்தார். இரண்டாவதற்கு, "இன்னும் அரை விரக்கடை தூக்கித்தான் நிக்குது" என்றார். மூன்றாவதைப் போட்டபோது அவர் ஒன்றும் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கழுத்தில் பத்து மாதமாக இருந்த இழுப்பு விட்டது. ஐம்பது நிமிடம் ஆயிற்று. மூன்றில் அதுதான் விலை கூடியது என்றும் இல்லை.

அந்தக் கடையில் குறை இல்லாமல் இல்லை. எங்கள் நிறத்துக்கு ஏற்ற மார்பு அங்கே இல்லை, எல்லாமே வெளிறிய இளஞ்சிவப்பு நிறம். உள்ளே இருப்பதுதானே என்று அந்த அம்மாள் சொன்னார், அதுவும் உண்மைதான்; ஆனால் இரவில் கழற்றிப் பெட்டியில் வைக்கும்போது, வேறொருத்தியின் உறுப்பை எடுத்து வைக்கிறேனோ என்று முதல் சில வாரம் மனத்துக்குப் பட்டது. நம் ஊர்ப் பெண்களுக்கு விற்கும் பொருளை நம் ஊர்ப் பெண்களின் நிறத்தில் செய்வது அவ்வளவு பெரிய காரியமா?

ஊருக்குத் திரும்பிய இரவு, கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு, என் கணவர் அதை உள்ளங்கையில் ஏந்தி, "முன்னூத்தி அம்பது இருக்கும்" என்றார். மின் தராசில் வைத்தபோது 340 காட்டியது. அவ்வளவு எடையை ஒரு பக்கத்தில் மட்டும் இழந்துவிட்டு நான் பத்து மாதம் நடந்திருக்கிறேன் என்பது அந்த எண்ணைப் பார்த்தபோதுதான் இருவருக்கும் உறைத்தது. வேறு யாரும் இல்லாத கடையில் நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் அழுதோம். பயாப்சி ரிப்போர்ட் வந்த நாளில்கூட இருவரும் சேர்ந்து அழுததில்லை, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் அழுதோம்.

பொருளின் தன்மை இதுதான். மெல்லிய, உறுதியான பிளாஸ்டிக் தோலுக்குள் சிலிக்கான் களி அடைத்திருக்கிறது. அணியும்போது குளிர்ச்சியாக இருக்கும், ஐந்து நிமிடத்தில் உடம்புச் சூடு ஏறிவிடும். அதன்பின் தனியாக ஒன்று இருக்கிறது என்ற நினைப்பே வராது. நடக்கும்போது இயல்பாக அசைகிறது, படிக்கட்டு ஏறும்போதும் அப்படியே. கோடையில்தான் சோதனை. எங்கள் ஊரின் மே மாத வெயிலில் பிற்பகல் இரண்டு மணிக்குமேல் அதன் பின்புறம் வியர்வை தேங்கி நசநசக்கும், கதிர்வீச்சுப் பட்ட தோல் சிவந்து அரிக்கும். பைக்கும் தோலுக்கும் நடுவில் மெல்லிய மல் துணி ஒன்றை மடித்து வைப்பதும், மதிய உணவு இடைவேளையில் அதை மாற்றுவதும் எனக்குப் பயன்பட்டன. தோல் புண்ணாகியிருந்தால் அணியவே வேண்டாம். அந்த மாதிரி நாட்களுக்குப் பஞ்சு வடிவத்தை எடுத்து வைத்திருக்கிறேன்.

இரவில் மென்மையான சோப்பும் வெதுவெதுப்பான நீரும் விட்டுக் கையால் கழுவி, பருத்தித் துணியால் ஒற்றி, அதற்கென்று குழிவாகச் செய்த பெட்டியில் வைக்க வேண்டும். மேசைமேல் அப்படியே வைத்தால் நாளடைவில் மடிப்பு விழும். இந்த வேலையை எங்கள் வீட்டில் அவர்தான் செய்கிறார். நான் கேட்டுச் செய்யவில்லை. கீமோக் காலத்தில் என் பாத்திரத்தைத் தனியாகக் கழுவி வைத்த பழக்கம் இப்படித் தொடர்ந்துவிட்டது. நம் பெண்கள் எல்லோரும் கவனிக்க வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு: சேலை பின். தோளில் குத்தும் ஊக்கு நழுவி மார்புப் பக்கம் இறங்கிச் சிலிக்கானைக் குத்தினால் களி கசிந்துவிடும். நான் இப்போது ஊக்கைத் தோள்மூட்டின் பின்புறம் குத்துகிறேன், தாலிச் சங்கிலியில் தொங்கிய ஊக்குகளையும் எடுத்துவிட்டேன்.

பணம் குறைவாக இருப்பவர்கள் மார்பில் மிச்சம் பிடித்து பிராவில் செலவழிக்கலாம் என்பது என் உறுதியான கருத்து. எவ்வளவு உயர்ந்த சிலிக்கானும் தளர்ந்த பிராவில் நிற்காது. தோள்பட்டை அகலமாக இருக்க வேண்டும், அக்குள் பக்கம் உயரமாக இருக்க வேண்டும், பை பருத்தித் துணியில் இருக்க வேண்டும், அடியில் கம்பி இருக்கக் கூடாது. நிணநீர் முடிச்சுகளை எடுத்தவர்களுக்குக் கை வீக்கம் வரும் வாய்ப்பு உண்டு என்பதால், அந்தப் பக்கத் தோளில் பட்டை அழுந்தித் தடம் விழுகிறதா என்று தினமும் பார்ப்பது நல்லது; எனக்கு முதுகுப் பக்கத் தடத்தை அவர்தான் பார்த்துச் சொல்கிறார். வாங்கிய இரண்டும் ஓராண்டில் தளர்ந்துவிட்டன. மூன்றாவதை வாங்காமல், எங்கள் தெருத் தையல்காரப் பெண்மணியிடம் மாதிரி காட்டி, நல்ல பிரா ஒன்றில் உட்பை வைத்துத் தைத்து வாங்கினேன், 150 ரூபாய்தான் ஆயிற்று, கடைப் பிராவுக்குச் சமமாக உழைக்கிறது. ஜாக்கெட்டையும் அவரே மாற்றிக் கொடுத்தார். முந்தானை இடத்தோளில் விழுவதால் இடப்பக்கம் மறைந்துவிடும் என்று உறவுப் பெண்கள் எனக்கு ஆறுதல் சொல்லியிருந்தார்கள். கையைத் தூக்கினால் விலாவோடு திறந்து தெரிவது அந்தப் பக்கம்தான். அக்குளை இரண்டு விரற்கடை உயர்த்தித் தைத்த பிறகே எனக்குப் பேருந்தில் கம்பியைப் பிடித்து நிற்க முடிந்தது.

விலை விவரம்: சிலிக்கான் மார்பு 7,800, பிரா ஒன்று 950 வீதம் இரண்டு. எங்கள் காப்பீட்டில் இதற்குப் பணம் கிடைக்கவில்லை. அறுவைக்கும் கீமோவுக்கும் கொடுத்தவர்கள் இதை அலங்காரப் பொருளாகக் கருதுகிறார்கள் போலும், முதுகுவலிக்குப் போடும் இடுப்புப் பட்டையை அப்படிக் கருதுவார்களா என்று கேட்க வேண்டும். பயணத்தில் மிச்சமாயிற்று. ரயில்வேயில் புற்றுநோயாளி சிகிச்சைக்கோ பரிசோதனைக்கோ போகும்போது தூங்கும் வசதிப் பெட்டியிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்கு முழுச் சலுகையும், உடன் வரும் ஒருவருக்கு 75 விழுக்காடு சலுகையும் உண்டு. மருத்துவமனையில் படிவத்தை வாங்கி நிலையத்தில் கொடுத்து டிக்கெட் எடுக்க வேண்டும். உழவன் விரைவு வண்டியில் எத்தனையோ இரவு அப்படித்தான் போய்வந்தோம். படிவத்தில் துணைக்கு வருபவரின் பெயரை எழுத ஓர் இடம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் தம் பெயரை அவர் நிறுத்தி நிதானமாக எழுதுவார்.

2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 1,92,000-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாக உலகப் புற்றுநோய்க் கணக்கெடுப்பு சொல்கிறது. அவர்களில் மார்பை இழக்கும் பெண் ஒவ்வொருத்தியும் அளவெடுக்கச் சென்னைக்குப் போக இயலுமா? 1954-இல் முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையில் முதலில் இருந்தவை பன்னிரண்டே படுக்கைகள். பிள்ளைகளுக்கு அவரைப் பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம், மாவட்ட மருத்துவமனைக்கு ஒரு அளவெடுக்கும் பெண்ணும், ஒரு கண்ணாடியும், இரண்டு நாற்காலியும் கொடுப்பது அதைவிடக் கடினமாக இருக்காது என்று எனக்குள் தோன்றும்.

யார் வாங்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அறுவையின்போதோ பிறகோ மார்பை மறுசீரமைத்துக்கொள்ளும் வழி இருக்கிறது, அதை உங்கள் மருத்துவரிடம் முதலிலேயே கேளுங்கள். எனக்கு இன்னோர் அறுவைக்கு மனம் வரவில்லை. எதுவுமே வைக்காமல் இருப்பதும் ஒரு முடிவுதான். நான் வீட்டில் அணிவதில்லை. வாங்கிய புதிதில், அவர் கடையிலிருந்து வரும் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் எடுத்து மாட்டிக்கொள்வேன். மூன்று நான்கு நாள் அதைக் கவனித்துவிட்டு, "எனக்காக மாட்டாதம்மா, ஒனக்கு வேணும்னா மாட்டு" என்றார். கதிர்வீச்சின்போது தாலி தோலில் உரசிப் புண்ணாகாமல் இருக்க, கழற்றித் தம் சட்டைப் பையில் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டிருந்தவர் அவர். மருத்துவமனை வாசலில் சிகிச்சை முடிந்து நான் வரும்வரை அந்தப் பையின் மேல் கையை வைத்துக்கொண்டே நிற்பார். அவர் அப்படிச் சொன்ன பிறகு வீட்டில் அதை அணிவதை விட்டுவிட்டேன்.

சிலிக்கான் மார்பை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். என்னுடையதில் கசிவோ மடிப்போ இல்லை, விளிம்பு மட்டும் சற்று மெலிந்திருக்கிறது. கடந்த ஆண்டில் நான் மூன்று கிலோ கூடிவிட்டதால் வலப்பக்கத்தோடு எடை ஒத்துப்போகவில்லை என்று அவர் இரண்டு மாதமாகச் சொல்லிவருகிறார். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது அதே அம்மாளிடம் நேரம் வாங்கியிருக்கிறோம், சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு. இந்த முறை நிறம் வந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். அக்குள் உயர்த்தித் தைத்த நீல ஜாக்கெட்டை அவர் இப்போதே பெட்டியில் எடுத்து வைத்துவிட்டார்.